தேயிலை ஸ்டோர்களுக்கு நிலத்தடி வெந்நீர்: மலையகத்தில் சரிவருமா?

ஊவாக்காரன்:
மகாஓயாவில் 50 பாகைக்கு மேல் சூடான தண்ணீர் தானாகவே பொங்குகிறது. கன்னியாவிலும் மகாபெலஸ்ஸவிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. நம் ஸ்டோர்களோ, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளோ, இன்னும் விறகை எரிக்கின்றன. பதுளைப் பக்கம் ஆழமாக ஒரு துளை போட்டுப் பார்த்தால் என்ன?

ஹற்றன் வாசகி:
அண்ணே, நீங்கள் சொன்ன மூன்றும் தாழ்நிலத்து ஊற்றுகள். இங்கே எரிமலை கிடையாது; மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, சூடாகித் திரும்பி வருகிறது. நிலத்தடி வெந்நீரால் வீடுகளைச் சூடாக்கும் பாரிஸில் சுண்ணாம்புக்கல் அடுக்கு பரந்து கிடக்கிறது, ஒரு கிணறு பலித்தால் அடுத்ததையும் நம்பலாம். நமக்கு இறுகிய பழைய பாறை. வெடிப்பைத் தவறவிட்டால் துளை வறண்டுதான் கிடக்கும்.

ஊவாக்காரன்:
நிலத்தில் மின்சாரம் செலுத்தி, பாறை அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து வெடிப்பைத் தேடலாமே. ஊற்றுநீரில் கரைந்துள்ள சிலிக்காவை (பாறைக் கனிமம், சூடு கூடினால் கூடக் கரையும்) வைத்து ஆழத்துச் சூட்டையும் கணிக்கிறார்கள்.

ஹற்றன் வாசகி:
சிலிக்கா சூட்டைத்தான் சொல்லும், தண்ணீர் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லாது. மேல்மட்டத் தண்ணீர் கலந்திருந்தால் அந்தச் சூட்டுக் கணக்கும் பிசகும். வினாடிக்கு 10 லீட்டர் எடுத்து 20 பாகை ஆறவிட்டால் சுமார் 840 கிலோவாட் வெப்பம். 1 லீட்டர்தான் வந்தால் வெறும் 84. எது என்று தெரிய நாட்கணக்கில் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளக்க வேண்டும். அப்புறம், தேயிலை உலர்த்த 100 பாகையை ஒட்டிய காற்று வேண்டும். 55 பாகைத் தண்ணீர் எதற்கு?

ஊவாக்காரன்:
உலர்த்துவதற்கு நான் கேட்கவில்லை, அதற்கு முன்னால் காற்றடித்து ஈரத்தைக் குறைத்துக் கொழுந்து வாட்டத்தான் கேட்கிறேன். அடைமழைக் காலத்தில் கொழுந்து சொட்டச் சொட்ட வந்து சேரும். வெளிக்காற்றும் ஈரமாக இருக்கும், எத்தனை மணிநேரம் விசிறி ஓடினாலும் வாடாது. அந்தக் காற்றை 30 பாகையளவுக்குச் சூடாக்கினால் போதும். 45 பாகைத் தண்ணீர் அதற்குத் தாராளம்.

ஹற்றன் வாசகி:
வாட்டுவதற்கு என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டத்தை அளக்காமல் ஸ்டோரில் ஒரு குழாய்கூடப் பதிக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

பீலிக்கரை:
இரண்டு பேரும் ஸ்டோரையே பார்க்கிறீர்கள். உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் 2014 டிசம்பரில் தண்ணீர் உடைத்துப் பாய்ந்த பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. அங்கேயும் வெடிப்புப் பாறைதான். லயத்துச் சனத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, மலை ஊற்றிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை.

ஊவாக்காரன்:
சுரங்கம் திறந்த வடிகால் மாதிரி, தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆழ்துளையின் மேற்பகுதியை இரும்புக் குழாயிட்டுச் சீமெந்தால் அடைக்கலாம், வேண்டாமென்றால் மூடலாம். ஆறிய தண்ணீரை இரண்டாவது துளை வழியே பாறைக்கே திருப்பியும் விடலாம்.

ஹற்றன் வாசகி:
இரண்டு துளைகளும் ஒரே வெடிப்பில் மாட்டினால் ஆறிய தண்ணீர் நேரே சூட்டுக் கிணற்றுக்கு வந்துவிடும். ஒன்றில் சாயம் கலந்து, மற்றதில் எப்போது வெளிவருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பீலிக்கரை:
அதற்கும் முன்னால், சுற்றியுள்ள ஒவ்வொரு பீலியிலும் ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மழைக்காலம், வெயில்காலம் இரண்டிலும் குறித்து வையுங்கள். அந்தக் கொப்பி லயத்து ஆட்கள் கையிலும் இருக்க வேண்டும். நாளைக்குத் தண்ணீர் குறைந்தால் அவர்கள் எதைக் காட்டிக் கேட்பது?