புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித்... இதெல்லாம் எப்படிங்க ஞாபகம் வச்சுக்கறது?

ஆத்தங்கரை_வாசகி:
வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிச்சுட்டு இருக்கேன், கிராமர் ஓரளவுக்கு ஓகே ஆனா ஃப்ரேஸல் வெர்ப்னு, அதாவது வினையோட ஆஃப், அவுட் மாதிரி சின்ன வார்த்தை சேர்ந்து வேற அர்த்தம் குடுக்கறதுன்னு, வந்தாலே தலை சுத்துது. அதுலயும் இந்த புட் இருக்கே! தனியா வந்தா வைக்கறது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புட் ஆஃப்னா தள்ளிப்போடறது, புட் அவுட்னா நெருப்ப அணைக்கறது, புட் அப் வித்னா பொறுத்துக்கறதுன்னா, இதுக்கும் வைக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? ராத்திரி உருப்போட்டா காலைல ஆஃபும் அவுட்டும் குழம்பிடுது. யாராச்சும் வழி சொல்லுங்களேன்.

கரிசல்காட்டான்:
சகோதரி, வைக்கறதுன்னு எடுத்துக்காம போடறதுன்னு எடுத்துப் பாருங்க. சட்டை போடுறோம், லைட்ட போடுறோம், சண்டை போடுறோம், இதுல எதையாவது தூக்கிக் கீழயா போடுறோம்? சட்டை போடுறதும் லைட்ட போடுறதும் இங்கிலீஷ்காரன் கணக்குலயும் புட் ஆன் தான். ஆள் வெயிட் போட்டுட்டான்னா புட் ஆன் வெயிட், அதுவும் அப்படியே வருது. தள்ளிப் போட்டா புட் ஆஃப். லீவுக்கு எழுதிப் போட்டா புட் இன் ஃபார் லீவ். பாதி லிஸ்ட்டு இப்பவே முடிஞ்சுது பாருங்க.

இலக்கணப்பூனை:
நல்ல ஐடியாதான், ஆனா அத நம்பி ரொம்ப தூரம் போக முடியாது. காபி போடறதுக்கு புட் காபின்னு எழுதிடாதீங்க, அங்க மேக் தான். லைட்ட அணைக்க நம்மாளுங்க புட் ஆஃப் தி லைட்னு சொல்லுவாங்க, பரீட்சைல டர்ன் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னு எழுதிட்டா வம்பில்ல.

என்னக் கேட்டா மார்க் போறது அர்த்தத்தவிட வார்த்தைய வைக்கற இடத்துலதான். புட் ஆஃப் தி மீட்டிங், புட் தி மீட்டிங் ஆஃப், ரெண்டும் சரி. மீட்டிங்க எடுத்துட்டு இட் போட்டீங்கன்னா அது நடுவுலதான் உக்காரும், புட் இட் ஆஃப்னுதான் வரும், புட் ஆஃப் இட்னு எழுதினா தப்பு. ஆனா புட் அப் வித் மூணும் ஒட்டியே வரும், பிரிக்க முடியாது, அங்க இட் கடைசிலதான். புட் ஆஃப் பின்னாடி இன்னொரு வினை வந்தா ஐஎன்ஜி வேணும், ஹி புட் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட், டு கோ கிடையாது. கால் ஆஃப்னா ஒரேயடியா ரத்து, புட் ஆஃப்னா வேற நாளைக்கு, இந்த ரெண்டையும் மாத்தி மாத்தி ஆப்ஷன்ல குடுப்பாங்க.

அப்புறம் புடவை கட்டியிருக்கற போட்டோவக் காட்டி ஷீ இஸ் புட்டிங் ஆன் எ சாரின்னு சொல்றது. அதுக்கு இப்பதான் கட்டிட்டு இருக்கான்னு அர்த்தம். கட்டியிருக்கான்னா வேரிங்.

தேம்ஸ்_தம்பி:
நான் இருக்கறது லண்டன்ல. இங்க புட் டவுன்னு காதுல விழுந்தா கொஞ்சம் நின்னு யோசிக்கணும். ஃபோன கீழ வச்சாலும் புட் டவுன், கலவரத்த அடக்கினாலும் புட் டவுன், நாலு பேர் முன்னாடி ஒருத்தர மட்டம் தட்டினாலும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரர் நாயப் பத்தி வி ஹேட் டு புட் ஹிம் டவுன்னு சொன்னா சிரிச்சுட்டு நிக்காதீங்க, நோவு தாங்க முடியாம டாக்டர் ஊசி போட்டு முடிச்சுட்டாங்கன்னு அர்த்தம். பின்னாடி டு சேர்ந்தா வேற கதை, ஐ புட் இட் டவுன் டு லேக் ஆஃப் ஸ்லீப்னா தூக்கமில்லாததுதான் காரணம்னு நினைக்கறேன். புட் அவுட்டும் நெருப்போட நிக்காது, உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேனோன்னு கேக்க ஹோப் ஐம் நாட் புட்டிங் யூ அவுட்னு சொல்லுவாங்க.

ஆத்தங்கரை_வாசகி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அந்த இட் விஷயம் எங்க கைடுல ஒரு வரிகூட இல்ல. இன்னொரு சந்தேகம், ஐ கான்ட் புட் அப் மை கசின்னு எழுதினேன், எங்க சார் சிவப்புல சுழிச்சுட்டார். வித் விட்டுப்போனதுக்கு இவ்ளோவா?

இலக்கணப்பூனை:
அர்த்தமே மாறிடும்ங்க. புட் அப் பின்னாடி நேரா ஆள் வந்தா வீட்டுல தங்க வைக்கறது, அதாவது கசினுக்கு எங்க வீட்டுல இடமில்லன்னு ஆயிடும். அவர் தொல்லை தாங்கலன்னா வித் கட்டாயம் வேணும்.

ஆத்தங்கரை_வாசகி:
ஓ! நாளைக்கு வர்றான், ரெண்டுமே பொருந்தும்.