உதவி: ஐ10 பெட்ரோல், சூடானால் ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்க் பம்ப்பை வீட்டிலேயே மாற்றலாமா?

ஓசூர்_ஐ10
2011 மாடல் ஹூண்டாய் ஐ10, 1.2 லிட்டர் கப்பா பெட்ரோல் இன்ஜின், 1,12,000 கி.மீ. காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. முக்கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் அப்புறம் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மட்டும் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. சூளகிரி ஏற்றத்தில் மூன்றாம் கியரிலும் இழுவை இல்லை. பின் சீட்டிலிருந்து விடாமல் ஒரு ரீங்காரம். பெட்ரோல் பெரும்பாலும் கடைசிக் கோட்டில்தான் ஓடும். கடையில் டேங்க் பம்ப்பின் மோட்டார் மட்டும் ஒரு விலை, பம்ப் முழு அசெம்பிளி (மாட்யூல்) வேறு விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பட்டறை வாத்தியார்
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சூட்டில் பிடிக்காமல் போவது கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) கெட்டாலும் வரும். ரீங்காரமும் ஏற்றத்தில் இழுக்காததும் சேர்ந்து இருப்பதால் பம்ப் மேல் சந்தேகம் கூடுகிறது. ஆனாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

பிடிக்காத அந்த நேரத்திலேயே சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பின் சீட்டில் காதை வையுங்கள். இரண்டு மூன்று நொடி பம்ப் ஓடி நிற்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், ரிலே (பம்ப்புக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்). அதே எண் போட்ட ரிலே பெட்டியில் வேறு இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சத்தம் வந்தால் பிரஷர் கேஜ். இந்த இன்ஜினின் ஃபியூவல் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) கேஜ் மாட்ட டெஸ்ட் வால்வு கிடையாது, சப்ளை லைனுக்கு நடுவில் டி வடிவ அடாப்டர் வேண்டும். 50 பிஎஸ்ஐயை (பிரஷர் அளவு) ஒட்டி முள் நிற்க வேண்டும். பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருப்பதால் ஐடிலிலும் ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் பெரிதாக மாறக்கூடாது. இன்ஜினை அணைத்த பிறகு ஐந்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். மளமளவென்று விழுந்தால் பம்ப்பின் செக் வால்வோ (பெட்ரோல் திரும்பாமல் தடுப்பது), ஏதாவது இன்ஜெக்டரோ (இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சுவது) கசிகிறது.

வயர்மேன்
பிரஷரோடு வோல்ட்டேஜையும் சேர்த்து எடுங்கள் சார். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 காட்டி ஏமாற்றும். கனெக்டர் மாட்டியபடியே, இன்ஜின் ஓடும்போது, பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி எடுக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வயரில் குறை. பிளஸ் பக்கம் எவ்வளவு விழுகிறது, எர்த் (மைனஸ்) பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள்.

இந்த வகைப் பம்ப் ஏறத்தாழ 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் ஏசி கிளாம்ப் இங்கே ஒன்றும் காட்டாது. ஆம்பியர் அதிகமென்றால் வெளிவரும் பக்கம் ஃபில்டர் அடைப்பு அல்லது மோட்டார் இறுக்கம். குறைவாக, நிலையில்லாமல் ஆடினால் மோட்டாருக்குள் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

ஓசூர்_ஐ10
அளந்துவிட்டேன் அண்ணே. ஐடிலில் 40 பிஎஸ்ஐ, மிதித்தால் 31. பேட்டரியில் 14.1, பம்ப் கனெக்டரில் 11.3. எர்த் பக்கம் 0.1 மட்டும், மீதி 2.7 பிளஸ் பக்கம். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பிளஸ் பின் பழுப்பேறி, அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி நிறம் மாறி உருகியிருக்கிறது.

வயர்மேன்
அந்தக் கறைதான் 2.7 வோல்ட்டைத் தின்கிறது. இதை விட்டுவிட்டுப் புதுப் பம்ப் போட்டால் அதுவும் அரைப் பட்டினியில் ஓடி, அதன் பின்னையும் இது கருக்கிவிடும். வயரோடு சேர்ந்த புதுக் கனெக்டர் வாங்கி, அதே தடிமன் வயரில் கிரிம்ப் (நசுக்கி இணைப்பது) அடித்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி வயரை மூடும் குழாய்) போடுங்கள். இந்த வேலையை டேங்க் மூடியிருக்கும்போதே, வேறொரு நாளில் முடியுங்கள். திறந்த டேங்க் பக்கத்தில் ஹீட் கன்னோ லைட்டரோ வரவே கூடாது. பிறகு பிரஷரை மறுபடி எடுங்கள்.

ஓசூர்_ஐ10
மாற்றியாச்சு. இப்போது பம்ப்பில் 13.6. பிரஷர் 44, மிதித்தால் 36. ஆம்பியர் 3-ஐச் சுற்றி ஆடுகிறது.

பட்டறை வாத்தியார்
அப்படியானால் பம்ப்பும் தேய்ந்துவிட்டது, மாற்றலாம். பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். கடைசிக் கோட்டிலேயே ஓட்டினால் அது சூட்டில் வாடும், அடி மண்டியையும் உறிஞ்சும்.

பார்ட்ஸ் மேசை
முழு அசெம்பிளியே எடுங்கள். மோட்டார், ஸ்ட்ரெய்னர் (பம்ப் உறிஞ்சும் வாயில் உள்ள வலை), ஃபில்டர், ரெகுலேட்டர், பெட்ரோல் கேஜுக்கான மிதவை எல்லாம் ஒன்றாக வரும். 14 வருட மாட்யூலில் மோட்டாரை மட்டும் மாற்றினால் பழைய ஃபில்டரும் வெடிப்பு விட்ட ஹோஸும் அப்படியே இருக்கும். மோட்டார் மட்டும்தான் போடுவேன் என்றால், உள்ளே போகும் ஹோஸ் எஸ்ஏஇ ஜே30 ஆர்10 வகையாக (பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தாங்குவது) இருக்க வேண்டும். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம்தான் தாங்கும். மூழ்கவைத்தால் வெளித்தோல் ஊறிக் கரைந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

பார்ட் நம்பரை வண்டியின் சேசிஸ் நம்பர் கொடுத்து எடுங்கள். 1.1 இன்ஜின் ஐ10-உம் உண்டு, கனெக்டரும் மிதவையும் ஒத்துப்போகிறதா என்று பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டிப் பம்ப் சில பிஎஸ்ஐதான் தரும், இதற்கு உதவாது. "இது பவர் ஜாஸ்தி" என்று விற்கும் பெரிய பம்ப்பும் வேண்டாம், வயருக்குத்தான் சுமை. பங்க்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்பதால் ரப்பர் பாகங்கள் எத்தனால் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். டேங்க் வாய் சீல் ரிங் கூட வருகிறதா பாருங்கள், இல்லையென்றால் புதிதாக ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

பட்டறை வாத்தியார்
இனி கழற்றும் வேலை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்து நெருப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அதனால் மூடிய ஷெட்டோ, பள்ளமான இடமோ கூடாது. திறந்தவெளி, நிழல், காலை நேரம். பக்கத்து வீட்டு அடுப்பு, சாமி விளக்கு, இன்வெர்ட்டர், வெல்டிங் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. போன் உள்ளே இருக்கட்டும். வயர் வைத்த கை விளக்கு வேண்டாம், கீழே விழுந்து பல்ப் உடைந்தால் போதும் பற்றுவதற்கு. எல்இடி டார்ச்சை டேங்க் திறப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஏபிசி பவுடர் அணைப்பான் கைக்கெட்டும் இடத்தில், கூட ஓர் ஆள். பருத்திச் சட்டை.

டேங்க்கில் கால்வாசிக்குக் கீழே இருக்கும்படி ஓட்டிவிட்டு இன்ஜினை ஆறவிடுங்கள். பின் சீட்டுக் குஷனைத் தூக்கினால் சர்வீஸ் மூடி தெரியும். அதைக் கழற்றி, பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். லைனில் இருப்பதைக் குடித்துத் தானாக நிற்கும். சில நொடி செல்ஃப் அடித்து, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

திறப்பதற்கு முன் பம்ப் தலையைச் சுற்றி இருக்கும் மண்ணை பிரஷ்ஷால், பிறகு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பாதிப் பேர் அவசரப்படுவது இங்கேதான். அந்த மண் டேங்க்கில் விழுந்தால் புதுப் பம்ப்பின் முதல் சாப்பாடு அதுதான்.

உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் போக வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, துணி சுற்றிப் பெட்ரோல் குழாயின் குவிக் கனெக்டர் காதுகளை அமுக்கிக் கழற்றுங்கள். அமுக்காமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் மூக்கு உடையும். மாட்யூல் எந்தத் திசையில் நிற்கிறது என்று குறி போட்டு, பிடிப்பைக் கழற்றி, மெல்லத் தூக்கி, மிதவைக் கம்பி வாயில் மாட்டாதபடி சாய்த்து எடுங்கள். அந்தக் கம்பி வளைந்தால் அப்புறம் பெட்ரோல் கேஜ் பொய் சொல்லும். மாட்யூல் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் சீட்டில் கொட்டும், அடியில் தட்டு பிடியுங்கள். எடுத்த கையோடு டேங்க் வாயைத் துணியால் மூடுங்கள்.

பழையதோ புதியதோ, வெளியே வைத்து பேட்டரி வயர் கொடுத்து ஓட்டிப் பார்க்கவே கூடாது. டேங்க்குக்குள் ஆவி அடர்த்தி அதிகம், எரியக் காற்று போதாது. வெளியே இரண்டும் சரியாகக் கலந்திருக்கும், மோட்டார் பிரஷ்ஷின் ஒரு பொறி போதும்.

ஓசூர்_ஐ10
திறந்து எடுத்தாச்சு, துணியால் மூடியிருக்கிறேன். டேங்க் அடியில் டீத்தூள் மாதிரி மண்டி, நடுவில் கண்ணாடி மணி போலச் சில துளிகள் உருளுகின்றன. பழைய சீல் ரிங் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. புது ரிங்குக்கு மேல் சிலிக்கான் தடவலாமா?

பட்டறை வாத்தியார்
உருளுவது தண்ணீர். கை பம்ப்பால் அந்த இடத்தை உறிஞ்சி இரும்பு டின்னில் எடுங்கள், வாயால் இழுக்காதீர்கள். மண்டியை நூல் உதிராத துணியால் துடைத்தெடுங்கள்.

பழைய ரிங் பெட்ரோலில் ஊறி வீங்கியிருக்கும், பள்ளத்தில் திரும்ப உட்காராது. சிலிக்கான் கூடவே கூடாது. அது பெட்ரோலில் இளகி, இழை இழையாகப் பிரிந்து ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும். ரிங் மேல் ஒரு துளி பெட்ரோல் தடவி, முறுக்காமல் உட்கார வையுங்கள். பிடிப்பை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுவதும் இறுக்கினால் ரிங் மறுபக்கம் பிதுங்கும்.

குவிக் கனெக்டர் "டிக்" என்று உட்கார்ந்ததும் இழுத்துப் பாருங்கள். கிளம்பியிருக்கும் ஆவி போக அரை மணி நேரம் கதவுகள் திறந்திருக்கட்டும். பிறகு நெகட்டிவை மாட்டி, சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, மூடியைப் போடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் டேங்க்கில் சீல் கசிவு தெரியாது. முழு டேங்க் போட்டு ஒரு வளைவுச் சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஓசூர்_ஐ10
ஐடிலில் 50, மிதித்தாலும் 50. பம்ப்பில் 13.6 வோல்ட், 4.8 ஆம்பியர், ஆடவில்லை. சூட்டில் நிறுத்தி நான்கு முறை ஸ்டார்ட் செய்தேன், நான்கும் பிடித்தது. முழு டேங்க் போட்டு சூளகிரி வரை போய் வந்து பார்த்தேன், ரிங்கைச் சுற்றி ஈரம் இல்லை, வாடை இல்லை. சர்வீஸ் மூடியைப் போட்டுவிட்டேன் அண்ணே.