நியூயார்க்ல சோஹோ, ட்ரைபெக்கா பக்கம் லாஃப்ட் (பழைய ஃபேக்டரி, குடோன் ஃப்ளோர வீடா மாத்தினது) வாடகைக்கு எடுத்தவங்க வாங்க, உங்க அனுபவத்த சொல்லுங்க

அஞ்சாவதுமாடி

நாலு வருஷம் ஆச்சு, இன்னும் நினைச்சா காது சூடாகுது. கிரீன் ஸ்ட்ரீட்ல வார்ப்பிரும்பு முகப்பு பில்டிங், லிஃப்ட் நேரா ஹாலுக்குள்ளயே வந்து நிக்குமே, அந்த டைப். வீடு காட்டும்போது ப்ரோக்கர் அதத்தான் பெருமையா சொன்னாரு, பக்கத்து வீடுன்னு ஒண்ணு கிடையாது, ஃப்ளோர் முழுக்க உங்களுதுன்னு. நம்ம ஃப்ளோருக்கு லிஃப்ட்குள்ள ஒரு சாவி துவாரம் இருக்கும், சாவி போட்டு திருப்பினாத்தான் நம்ம மாடில நிக்கும், வந்து இறங்கும்போது மறக்காம திருப்பி பூட்டிட்டு வரணும். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல தலைக்கு டை அடிச்சு, மேல பிளாஸ்டிக் கவர் மாட்டி, இடுப்புல ஒரு துண்டோட ஹால் நடுவுல நின்னு போன் பாத்துட்டிருக்கேன். டிங். கதவு தொறக்குது. உள்ள நல்லா டிரெஸ் பண்ணின ஆறு பேர், ஒரு அம்மா கைல பூங்கொத்து, முன்னாடி ஒரு சின்னப் பையன். மேல் வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க, ஆறுக்கு பதில் அஞ்ச அமுக்கியிருக்காங்க. யாரும் வாயத் தொறக்கல. அந்தக் கதவு மூடறதுக்கு எவ்ளோ நேரம் எடுக்கும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பையன் மட்டும் கைய ஆட்டினான், நானும் ஆட்டினேன், துண்ட பிடிச்சிருந்த கையால.

முந்தின ராத்திரி பூட்டாம வந்தது நான்தான், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மனுஷங்க ஏறிப் போற லிஃப்ட்ட ஓடிஸ் முதல்ல மாட்டினதே பக்கத்துல ப்ராட்வே-ப்ரூம் முனைல இருக்கற ஹாவவுட் பில்டிங்லதான், 1857ல. தினமும் அதத் தாண்டித்தான் ட்ரெயினுக்கு போவேன். கடுப்பா இருக்கும்.

வெளிச்சம்தேடி

ட்ரைபெக்கா. அந்தக் காலத்து குடோன் பில்டிங்லாம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், 25 அடி அகலம், உள்ள நூறு அடி வரைக்கும் போயிட்டே இருக்கும், வெளிச்சம் முன்னாடியும் பின்னாடியும் மட்டும்தான், நடுவுல குகை. எங்க வீட்டுல சைடுலயும் மூணு ஜன்னல் இருந்துச்சு. அத பாத்ததும் வேற எதையுமே கேக்காம கையெழுத்து போட்டோம். லீஸ்ல 'லாட் லைன் விண்டோ'ன்னு ஒரு வரி இருந்துச்சு, படிச்சேன், புரியல, சரி போகட்டும்னு விட்டுட்டேன். பக்கத்து கட்டடம் எங்கள விட தாழ்வு, லேண்ட்மார்க் ஏரியா (சிட்டி பாதுகாக்கற பழைய கட்டட ஏரியா) வேற, மேல எழுப்ப விடமாட்டாங்கன்னு நாங்களா ஒரு கணக்கு போட்டுக்கிட்டோம். அதுக்குன்னு இருக்கற லேண்ட்மார்க் கமிஷனே பர்மிஷன் குடுத்திருக்கு, எங்களுக்குத்தான் தெரியல.

ஏழாவது மாசம் வேலை ஆரம்பிச்சாங்க. கிச்சன் ஜன்னலுக்கு நேரா ஒரு கொத்தனார், கைய நீட்டினா தொட்டுடலாம், காதுல ஹெட்ஃபோன், பாட்டுக்கு தலைய ஆட்டிக்கிட்டே ப்ளாக் அடுக்கறாரு. நான் இந்தப் பக்கம் பாத்திரம் கழுவறேன். முதல் நாள் சாயங்காலம் இடுப்பு வரைக்கும் மறைஞ்சிருந்தாரு, மறுநாள் மதியம் நெஞ்சு, அப்புறம் நெத்தியும் மஞ்சள் ஹெல்மெட்டும் மட்டும். கடைசி ப்ளாக்க வெக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு உள்ள பாத்து ஒரு தடவ தலையசைச்சாரு. வெச்சுட்டாரு. மத்த ரெண்டு ஜன்னலும் அந்த வாரமே போச்சு. வக்கீல்கிட்ட கேட்டோம், நியூயார்க்ல வெளிச்சத்துக்குன்னு தனியா உரிமை கிடையாதாம், பக்கத்துக்காரர் எல்லை வரைக்கும் கட்டிக்கலாமாம். வாடகை ஒரு டாலர் குறையல.

ஃபைன்பிரிண்ட்

வெளிச்சம்தேடி மேடம், லீஸ்ல வரி இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் வாடகை குறையலன்னா எப்படி? எல்லைச் சுவர்ல இருக்கற ஜன்னல் என்னிக்கு வேணா அடைபடும், அதத்தான் அந்த வரி சொல்லுது. என் கதை சின்னது, குடிபோன முதல் வாரம் விடியக்காலைல நாலு மணிக்கு யாரோ ஸ்பேனரால பைப்ப அடிக்கற மாதிரி டங் டங்னு சத்தம், திருடன்னு நெனச்சு பேஸ்பால் மட்டையோட பாத்ரூம்ல ஒளிஞ்சிருந்தேன், கடைசில பாத்தா ஸ்டீம் ரேடியேட்டர். அவ்ளோதான்.

புதுசா எடுக்கறவங்க இதக் கேளுங்க. நடுவுல தடுப்பு போட்டு 'பெட்ரூம்'னு காட்டுவாங்க, ஜன்னல் இல்லாத ரூம பொதுவா இங்க பெட்ரூம் கணக்குல சேக்கவே கூடாது, மூணு பெட்ரூம்னு விளம்பரம் பாத்துட்டு ஓடாதீங்க, போய் ஜன்னல எண்ணுங்க. 2019 சட்டத்துக்கப்புறம் டெபாசிட் ஒரு மாச வாடகைக்கு மேல வாங்க முடியாது, லக்சரி லாஃப்ட்னா ரெண்டு மாசம்னு ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு, சிரிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் ப்ரோக்கர் ஃபீஸ், 2025 ஜூன் 11லருந்து ப்ரோக்கர யாரு வெச்சாங்களோ அவங்கதான் குடுக்கணும், ஓனர் வெச்ச ப்ரோக்கருக்கு நீங்க ஏன் அழணும். வருஷ வருமானம் மாச வாடகை மாதிரி நாப்பது மடங்கு இருக்கணும்னு கேப்பாங்க, அது சட்டம் இல்ல வழக்கம், ஆனா விடமாட்டாங்க, கேரண்டார் (உங்க வாடகைக்கு ஜாமீன் நிக்கறவர்) ரெடியா வெச்சுக்கோங்க. ஹீட்டுக்கு ரூல் இருக்கு, அக்டோபர் 1லருந்து மே 31 வரைக்கும், பகல்ல வெளில 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ போனா உள்ள 68 இருக்கணும், ராத்திரி எப்படியும் 62, இல்லன்னா சிட்டியோட புகார் நம்பர் 311க்கு போன் போடுங்க. பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க, வார்ப்பிரும்பு முகப்புன்னு சொல்லுவாங்க, ஒட்டலன்னா அந்த இடம் இரும்பு இல்ல. அஞ்சாவதுமாடி ப்ரோ, சாவி விஷயத்துக்கு லிஃப்ட் கதவு பக்கத்துலயே ஒரு போர்டு எழுதி ஒட்டியிருக்கலாம்.

அஞ்சாவதுமாடி

ஒட்டியிருந்தேன் ப்ரோ.

டேட்டாபேஸ்காரன்

இதுல யாரும் ஆர்டிஸ்ட் மேட்டர சொல்லலியே. சோஹோல 1971ல குடியிருக்க சட்டப்படி விட்டதே ஆர்டிஸ்ட்டுங்களத்தான், சிட்டியோட கலாச்சாரத் துறை சர்டிஃபிகேட் குடுக்கணும், ஃபேக்டரி காலியான ஃப்ளோர்ல அவங்கதான் முதல்ல பாயும் பெயின்டுமா வந்து உக்காந்தாங்க. எங்க லீஸ் கடைசில ஒரு பக்கம், இந்த ரூல் இருக்குன்னு எனக்கு தெரியும்னு நான் கையெழுத்து போடற மாதிரி. நீங்க ஏதாவது வரைவீங்களான்னு ப்ரோக்கர் கேட்டாரு. டேட்டாபேஸ் டிசைன் பண்ணுவேன்னேன். டிசைன்னா சரிதான்னு பக்கத்த திருப்பிட்டாரு.

அது இல்ல விஷயம். கீழ் வீட்டுல ஒரு பாட்டி, எழுபதுகள்லருந்து அங்கயே இருக்காங்க, ஒரு நாள் என் பார்சல் அவங்ககிட்ட போயிடுச்சு, வாங்கப் போனேன். உள்ள கூப்பிட்டாங்க. டர்பன்டைன் வாசனை, தரைல மரமே தெரியல, கலர் மேல கலரா சொட்டி சொட்டி செருப்புல ஒட்டற மாதிரி மேடு தட்டியிருக்கு. வாசப்படிக்கு நேரா சுவத்துல அந்த சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு, பேப்பர் பழுப்பாயிடுச்சு. நீ என்ன பண்றன்னு கேட்டாங்க. ரிப்போர்ட் பண்றேன்னு சொன்னேன். அவங்க தலைய ஆட்டிட்டு, அடுத்து இன்னும் ஏதோ சொல்லப் போறேன்னு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க. எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல. பார்சல எடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் லிஃப்ட்ல அவங்க ஏறினா நான் படில போயிடுவேன்.

மேல்பரண்

ஃபைன்பிரிண்ட் சார் 68 டிகிரி வரலன்னா போன் போடுன்னு சொல்றாரு. எனக்கு 85 வந்துச்சு சார், அதுக்கு எந்த நம்பர்? பதினாலு அடி சீலிங்னு ஆசப்பட்டு மேல பரண் மாதிரி மெஸ்ஸனைன்ல கட்டில் போட்டோம், சூடு பூரா மேல வந்து என் தலகாணி பக்கத்துல உக்காந்துக்கும், எந்திரிச்சா நெத்தி உத்தரத்துல இடிக்கும். கீழ பழைய ஒத்தக் கண்ணாடி ஜன்னல், ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட், கமிஷன கேக்காம மாத்தக் கூடாது, உள்பக்கமா இன்னொரு கண்ணாடி மாட்டித் தாங்கன்னா ஓனர் கேக்கல. ஒரு ஜனவரி ராத்திரி தண்ணி குடிக்க இறங்கறேன், ஜன்னல் இடுக்கு வழியா பனி உள்ள வந்து திண்டு மேல உப்பு தூவின மாதிரி கெடக்கு. மேல பனியன் நனைஞ்சு பிழியற மாதிரி வேர்வை, கீழ கால் விறைக்குது, படி பன்னெண்டுதான். நடுப்படில உக்காந்து தூங்கினேன், பொய் இல்ல.

அப்புறம் அந்த டங் டங்குக்கு: ஒரே பைப் ஸ்டீம்னா வால்வ பாதி மூடி வெக்காதீங்க, முழுசா தொறங்க இல்ல முழுசா மூடுங்க. பாதில விட்டா தண்ணி திரும்பிப் போக வழி இல்லாம அதான் அடிக்கும். ரேடியேட்டர் வால்வ பாத்து லேசா சரிஞ்சு நிக்கணும், லெவல் வெச்சு பாருங்க. மட்டைலாம் தேவையில்ல.

ஃபைன்பிரிண்ட்

அது ரெண்டு பைப். அதுல ட்ராப் (நீராவிய நிறுத்தி தண்ணிய மட்டும் விடற வால்வு) போயிருந்துச்சு. தெரியாம பேசக் கூடாது.

வெளிச்சம்தேடி

ஃபைன்பிரிண்ட் சார், வரி இருந்துச்சுன்னு சொன்னதே நான்தான, அதையே எனக்கு திருப்பி சொல்றீங்க. வாடகைக்காக எழுதல. அந்தக் கொத்தனார் தலையசைச்சப்ப நான் திருப்பி ஏதாவது பண்ணினேனா, இல்ல கைல சோப்போட அப்படியே நின்னேனான்னு எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது. என் ஹஸ்பண்ட கேட்டா அவரு அன்னிக்கு வீட்டுலயே இல்லங்கறாரு.