கோத்தகிரி இலை வண்டிகளுக்கு வழித்தடம்: சால்வர் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை 22 இடங்களில் ஏற்றித் தொழிற்சாலையில் சேர்க்கும் வேலையைக் கவனிக்கிறேன். மூன்று வேன்கள், ஒவ்வொன்றிலும் 1,200 கிலோ ஏற்றலாம். நேற்று சோலூர்மட்டத்தில் ஏற்றிய மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. அடியில் இருந்த கொழுந்து சிவந்துவிட்டது. காலையிலிருந்து குனிந்து பறித்தவர்களின் உழைப்பு அது. தாமதத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

எந்த வேன் எந்த வரிசையில் எந்த இடங்களுக்குப் போக வேண்டும் என்று கணக்கிட, கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் சால்வர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எக்செல் சால்வர் 200 மாறிகளோடு நின்றுவிடுகிறது. எனக்கோ தொழிற்சாலையோடு 23 இடங்கள்; ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 22க்கும் வேன் போகிறதா இல்லையா என்று 1 அல்லது 0 எடுக்கும் பைனரி மாறிகள் ஒரு வேனுக்கே 506, மூன்றுக்கும் 1,518. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நேரம் வேறு என்பதால் பாதியாகக் குறைக்கவும் வழியில்லை. அதனால் பைத்தான் நிரல்மொழியில், மாதிரியை எழுத உதவும் பல்ப் (PuLP) நூலகம் வழியாக சிபிசி (CBC) என்ற சால்வருக்கு மாறினேன்.

முதல் விடையில் ஒரு வேன் தொழிற்சாலைக்கு வராமலே மூன்று ஊர்களுக்குள் வட்டமடித்தது. மில்லர், டக்கர், செம்லின் 1960இல் தந்த, இப்படித் தனி வட்டங்கள் உருவாகாமல் தடுக்கும் கட்டுப்பாடுகளைச் சேர்த்ததும் அது சரியானது. ஆனால் ஒரு மணி நேரம் ஓடியும், கிடைத்த விடைக்கும் இதைவிடக் குறைய முடியாது என்று சால்வர் காட்டும் எல்லைக்கும் உள்ள இடைவெளி 19 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

மூன்று வேன்களும் ஒரே மாதிரி என்பதால், பெயரை மட்டும் மாற்றிப் போட்ட அதே விடையைச் சால்வர் திரும்பத் திரும்ப அலசுகிறது என்று நினைக்கிறேன். வேன் எண்ணை மாறியிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்றிய எடையை வைத்தே கட்டுப்பாடு எழுதலாமா? ஹைஸ் (HiGHS) என்ற இன்னொரு சால்வருக்கு மாறினால் பலன் தெரியுமா? இப்படிப்பட்ட மாதிரியை ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நிரலையும் பயண நேர அட்டவணையையும் அனுப்பத் தயார்.