7 ஜிபி ஆல்பம், 2 எம்பிபிஎஸ் அப்லோடு: மும்பையிலிருந்து சிவகாசிக்கு எப்படி அனுப்புவது?

செம்பூர்_டிசைனர்:
வணக்கம். கல்யாண ஆல்பம் ஒன்று சிவகாசி பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். 12×36 அங்குலம், 300 டிபிஐ, 8 பிட் ஆர்ஜிபி, ஷீட்டுக்கு ஒன்றாக டிஃப் படஃபைல் 60. மொத்தம் 7 ஜிபி. ஒரே ஜிப்பாக்கி, ஃபைல்ஜில்லா என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளில் அவர்களுடைய எஃப்டிபி சர்வருக்கு (ஃபைல்களை வாங்கி வைக்கும் கம்ப்யூட்டர்) ஏற்றுகிறேன். எங்கள் சொசைட்டியில் ஃபைபர் இன்னும் இழுக்கவில்லை, பழைய காப்பர் லைன்தான். டவுன்லோடு 16, அப்லோடு 2 எம்பிபிஎஸ். பாதியில் லைன் விட்டுவிடுகிறது, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. ஏற்றும் நேரத்தில் பிரவுசரில் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. வழி உண்டா?

மாட்டுங்கா_மணி:
முதலில் கணக்கு. 2 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 250 கேபி. 7 ஜிபிக்கு 28,000 நொடி, ஏழே முக்கால் மணி நேரம். ஃபைலோடு கூடவே போகும் கட்டுப்பாட்டுத் தகவலையும் சேர்த்தால் எட்டரை. காப்பர் லைன் எட்டரை மணி நேரம் அசையாமல் நிற்கும் என்று நம்பி எதையும் அனுப்பக் கூடாது.

தப்பு அந்த ஜிப்பில்தான். உங்கள் ஒரு ஷீட் 3600×10800 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், ஆக 116.6 எம்பி. (விண்டோஸ் 111 என்று காட்டினால் பதற வேண்டாம், அது 1024 கணக்கு.) எட்டு நிமிடத்தில் ஒன்று போய்விடும். அறுபது துண்டு தனித்தனியாகக் கையில் இருக்கும்போது அதை எதற்கு ஒரே மூட்டையாகக் கட்டுவது? ஃபோல்டரை அப்படியே ஏற்றுங்கள். லைன் விட்டால் போவது எட்டு நிமிட வேலை, நாலு மணி நேரம் இல்லை.

ஃபைல்ஜில்லா செட்டிங்ஸில் டிரான்ஸ்ஃபர்ஸ் பகுதிக்குப் போய், ஒரே நேரத்தில் ஏறும் ஃபைல் எண்ணிக்கையை 2-லிருந்து 1 ஆக்குங்கள். இரண்டு சேர்ந்து ஏறினால் வேகம் கூடாது; லைன் விடும்போது இரண்டு அரைகுறை மிஞ்சும். ஃபைல் ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்ற இடத்தில், அப்லோடுக்கு 'ரெஸ்யூம்' (விட்ட இடத்திலிருந்து தொடர்வது) வையுங்கள். டிரான்ஸ்ஃபர் டைப் 'பைனரி' என்று இருக்கட்டும். வெறும் எழுத்து ஃபைலுக்கான ஆஸ்கி மோடில் போன டிஃப் திறக்காது.

பக்கம் திறக்காததற்குக் காரணம் வேறு. டவுன்லோடு வேண்டுமானாலும் உங்கள் பக்கத்திலிருந்து 'வந்து சேர்ந்தது' என்ற பதில் மேலே போயாக வேண்டும். அப்லோடு வழி முழுக்க ஆல்பம் அடைத்துக்கொண்டால், அந்தப் பதில் மோடத்தின் வரிசையில் காத்துக் கிடக்கும். ஸ்பீட் லிமிட்டில் அப்லோடுக்கு 200 கேபி கொடுங்கள், மூச்சு விடும். ராத்திரி யாரும் நெட் பார்க்காதபோது லிமிட்டை எடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் தூங்கப் போகாதபடி பவர் செட்டிங்கையும் பாருங்கள், இதை மறப்பவர்கள் நிறைய.

சயான்_நெட்வொர்க்:
மணி அண்ணன் சொன்னதுதான் சரி. ஒண்ணு மட்டும் சேக்கணும். எஃப்டிபில ரெண்டு கனெக்‌ஷன் ஓடுது: கட்டளைக்கு ஒண்ணு, டேட்டாவுக்கு ஒண்ணு. பெரிய ஃபைல் மணிக்கணக்கா ஏறும்போது கட்டளைக் கனெக்‌ஷன் சும்மா கெடக்கும். நடுவுல இருக்கற ரவுட்டர், 'இது செத்துப்போச்சு'ன்னு முடிவு பண்ணி வெட்டிரும். ஃபைல் நூறு சதவீதம் ஏறியிருக்கும், ஆனா 'முடிஞ்சது'ங்கற பதில் வந்து சேராது, டைம்அவுட்னு சொல்லி மறுபடி ஆரம்பிக்கும். லாக்ல 100 சதவீதத்துக்குப் பக்கத்துல செவப்பு எழுத்து வந்தா இதுதான். ஒவ்வொரு ஷீட்டா ஏத்தினா இந்தக் காத்திருப்பு பத்து நிமிஷத்துக்கு மேல போகாது. பிரஸ்ல எஸ்எஃப்டிபி (ஃபைல் அனுப்பற வேற ஒரு பாதுகாப்பான முறை) குடுத்தா இந்தத் தலைவலியே இல்ல, அதுக்கு ஒரே கனெக்‌ஷன்தான்.

அப்புறம், டிஃப் எதுக்கு சார்? பிரஸ்ஸக் கேட்டுப் பாருங்க. ஃபோட்டோஷாப்ல உச்சமான குவாலிட்டி 12 ஜேபெக் போதும்னா ஒரு ஷீட் 20, 25 எம்பிதான். 60 ஷீட் ஒண்ணரை ஜிபி, ஒண்ணே முக்கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. டிஃப்தான் வேணும்னு அடம்பிடிச்சா எல்இசட்டபிள்யூங்கற சுருக்கும் முறை போட்டு சேவ் பண்ணுங்க, தரம் போகாது, ஓரளவு சுருங்கும். ஆனா 16 பிட் ஃபைல்ல எல்இசட்டபிள்யூ போட்டா சில சமயம் அளவு கூடிரும்.

செம்பூர்_டிசைனர்:
கேட்டேன், ஜேபெக் வேண்டாம், டிஃப்தான் வேண்டுமாம். ஜிப்பை விட்டுவிட்டு ஃபோல்டராக ஏற்றினேன், இதுவரை 41 ஷீட் போய்விட்டது. இடையில் மூன்று தடவை லைன் விட்டும் அந்த இடத்திலிருந்தே தொடர்ந்தது. இருவருக்கும் நன்றி. வீட்டார் 7-ஆம் ஷீட்டிலும் 22-ஆம் ஷீட்டிலும் திருத்தம் சொல்லியிருக்கிறார்கள். அதே பெயரில் சேவ் செய்து ஏற்றினால் போதும்தானே?

தாராவி_பிரீபிரஸ்:
போதாது, நிறுத்துங்கள். ரெஸ்யூம் பார்ப்பது ஃபைலின் அளவை மட்டும்தான், உள்ளே என்ன படம் என்று அதற்குத் தெரியாது. சுருக்காத டிஃப்பில் அளவு என்பது புள்ளி எண்ணிக்கைதான். மணப்பெண் பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் 116.6 எம்பி மாறாது. 'ஏற்கெனவே முழுசாக இருக்கிறது' என்று பழைய ஷீட்டை அப்படியே விட்டுவிடும், உங்களுக்கு வெற்றி என்று காட்டும். கொஞ்சம் பெரிதாகியிருந்தால் இன்னும் மோசம்: பழைய படத்தின் வாலில் புதிய ஃபைலின் கடைசித் துண்டை ஒட்டும்.

07_ஆர்2, 22_ஆர்2 என்று பெயர் மாற்றி ஏற்றுங்கள். பழைய இரண்டையும் சர்வரிலிருந்து அழியுங்கள். பிரஸ்ஸுக்கு இந்த இரண்டு எண்ணையும் தனியாக எழுதி அனுப்புங்கள்.

எல்லாம் ஏறியதும் சரிபார்க்க 7-ஜிப் மென்பொருள் போதும். 60 ஃபைலையும் செலக்ட் செய்து ரைட் கிளிக், சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-256 (ஃபைலின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண்). கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து டேட்டாவுக்கான ஒரே எண் வரும். பிரஸ்ஸில் ஃபைல்களைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிய பிறகு இதையே செய்யச் சொல்லி, போனில் முதல் எட்டு எழுத்தை வாசித்து ஒப்பிட்டால் போதும். ஒத்துப்போகவில்லையென்றால் பத்துப் பத்தாகப் பிரித்துப் பாருங்கள், கெட்டுப்போன ஷீட் எதுவென்று சீக்கிரம் சிக்கிவிடும்.

பென் டிரைவில் அனுப்பும் யோசனை வந்தால் ஒன்று: ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. அந்த 7 ஜிபி ஜிப் அங்கேயும் மாட்டியிருக்கும்.