கொதிகலன் அறை வேலை, மீசோதீலியோமா: இழப்பீடு கேட்பது எப்படி?

கேள்வி: 1960களில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவருக்கு இப்போது மீசோதீலியோமா (கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய்). படைவீரர் நலத்துறையில் விண்ணப்பித்தால் கல்நார் நிறுவனங்கள் மீது வழக்குப் போட முடியாதா?

பதில் 1: இரண்டும் செய்யலாங்க. வழக்குப் பணத்தால் படைவீரர் நலத்துறை தரும் ஊன இழப்பீடு குறையாது. வருமானம் பார்த்துத் தரும் பென்ஷன்தான் பாதிக்கப்படலாம். வழக்கு அரசு மீதல்ல, குழாய் உறை, கேஸ்கட் செய்தவர்கள் மீது.

பதில் 2: முதலில் படைவீரர் நலத்துறைக்கு 21-0966 படிவம் (விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற அறிவிப்பு) கொடுத்து, இழப்பீடு கணக்கிடும் தேதியைப் பிடித்துவையுங்கள், முழு விண்ணப்பத்துக்கு ஓராண்டு கிடைக்கும். பிறகு 21-526இஇசட் (ஊன இழப்பீட்டு விண்ணப்பம்), கூடவே டிடி-214 (படைப்பணி விடுவிப்புச் சான்று), பயாப்ஸி அறிக்கை, மருத்துவர் கடிதம். மனு பெரும்பாலும் சறுக்குவது அந்தக் கடிதத்தில்தான். "இருக்கலாம்" என்ற சொல் போதாது. பணியில் பட்ட கல்நாரே காரணமாக இருக்க 50 சதவீதமாவது வாய்ப்புண்டு என்று, ஏன் என்ற விளக்கத்தோடு எழுதி வாங்குங்கள். புற்று இருக்கும்வரை மதிப்பீடு 100 சதவீதம்.

பதில் 3: வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள், ஐயா. வழக்குப் போடும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், டென்னசி மாநிலத்தில் ஓராண்டுதான். திவாலான கல்நார் நிறுவனமென்றால், பாதிக்கப்பட்டவர்களுக்காக வைத்த மான்வில் போன்ற அறக்கட்டளை நிதியில் தனியாகக் கேட்கணும். கப்பல் பெயர், பணிக்காலம், பொருளின் பிராண்டு மூன்றும் தேவை.