ஜன்னலே இல்லாத அடித்தள லவுஞ்ச்: மூச்சு முட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

கீழ்த்தளம்27
வணக்கம். லண்டனில் உள்ளரங்க வடிவமைப்பு படிக்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளம் கிடைத்திருக்கிறது. அதைக் காக்டெய்ல் லவுஞ்சாக மாற்ற வேண்டும். செங்கல் வளைவுக் கூரை, உயரமான இடத்திலேயே 2.6 மீட்டர்தான். பின்னால் விளக்கு வைத்துப் போலி ஜன்னல்கள் போடலாமா? எந்த இடங்களைப் போய்ப் பார்க்கலாம்?

மங்கல்வெளிச்சம்
போலி ஜன்னல் வேண்டவே வேண்டாம். உணவகங்களுக்கு விளக்கு அமைப்பதுதான் என் தொழில். இருட்டிய பிறகு தெருவிலிருந்து இறங்கி வருபவர் சுவரில் பகல் வெளிச்சத்தைப் பார்த்தால், அந்த நொடியிலிருந்து அறையில் எதையும் நம்ப மாட்டார்.

முதலில் எம்பாங்க்மென்ட் ஸ்டேஷன் பக்கத்தில் கார்டன்ஸ் (Gordon's) வைன் பாருக்குப் போங்கள். 1890-இல் தொடங்கியது. வளைவுக்குள் போகும்போது தலையைக் குனிய வேண்டும், உங்கள் கூரையைவிடத் தாழ்வு. ஆனாலும் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. மேசை மேல் இருக்கும் மெழுகுவர்த்தி முகத்துக்கும் கைக்கும் வெளிச்சம் தருகிறது, மூலைகள் நிழலுக்குள் போய்விடுகின்றன. அறை எங்கே முடிகிறது என்று கண் தேடுவதே இல்லை. அங்கே காக்டெய்ல் கிடையாது; வைன், ஷெரி, போர்ட் மட்டும். வெளிச்சத்தைப் படிக்க அது போதும்.

அப்புறம் பிக்காடிலி அருகே பிரேஸரி ஸெடெல் என்ற உணவகம், பழைய ரீஜென்ட் பேலஸ் ஹோட்டலின் அடித்தளம். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு சின்ன கஃபே. கீழே இறங்கினால் சலவைக்கல் தூண்களும் தங்க வேலைப்பாடுமாக ஒரு பெரிய கூடம்! அங்கே படிக்கட்டைக் கவனியுங்கள். மாணவர்கள் பலரும் படிக்கட்டைக் கடைசியில்தான் வரைகிறார்கள், எனக்கு அது பொறுக்காது. கண்ணுக்கு இருட்டு பழகச் சில நிமிடம் வேண்டும். மேல்படியில் வெளிச்சம் கூடுதலாக, இறங்க இறங்கக் குறைவாக வையுங்கள். படி விளிம்பு மட்டும் கடைசிவரை தெளிவாகத் தெரியட்டும்.

ஷேக்கர்
நான் அடித்தள பாரில் வேலை பார்த்தவன். வெளிச்சத்துக்கு முன்னால் காற்று. கிளாஸ் கழுவும் மெஷினின் ஆவி, ஈர மாப்பின் வாடை, இரண்டுக்கும் கீழே போக்கிடம் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாய் எந்த வழியாக மேலே போகும் என்று முதலிலேயே வரைந்துவிடுங்கள்.

அடுத்தது சத்தம். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஆய்ஸ்டர் பார் என்ற உணவகம் 1913 முதல் இருக்கிறது. குவாஸ்டவினோ நிறுவனம் கட்டிய ஓட்டு வளைவுகள் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கூட்ட நேரத்தில் ஒரே இரைச்சல். அதன் வாசலுக்கு வெளியே உள்ள வளைவில் ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர் மூலையில் கேட்கும். கடினமான வளைவு ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். அதே நிறுவனம் பின்னாளில் ஒலியியல் அறிஞர் வாலஸ் சபைனோடு சேர்ந்து ஒலியை உறிஞ்சும் ஓடுகள் செய்தது.

கீழ்த்தளம்27
இருவருக்கும் நன்றி. அப்படியானால் செங்கல்லைப் பூசி மறைத்துவிடவா? கூரைக்கு விளக்கே வேண்டாமா?

மங்கல்வெளிச்சம்
செங்கல்லைத் தொடாதீர்கள், அந்த இடத்தின் சொத்தே அதுதான். சத்தத்துக்கு மெத்தை வைத்த நீள இருக்கை, கனமான திரை, மேசைகளின் அடியில் ஃபெல்ட். ஆய்ஸ்டர் பாரில் வளைவு விளிம்பு நெடுக பல்புகள் உண்டு. அந்த உயரத்துக்கு அது சரி. உங்களுடையதில் வளைவு தொடங்கும் இடத்தில், சுவரோரம், கீழிருந்து மேலே மெல்லிய வெளிச்சம் போதும். விளக்கின் நிறத்துக்கு 2200 கெல்வின் எடுங்கள், மெழுகுவர்த்தி போன்ற மஞ்சள் வெளிச்சம், செங்கல்லின் சிவப்பு நன்றாக வரும். கடை மூடியபின் துடைப்பதற்கான பளிச் விளக்குகளுக்குத் தனி சர்க்யூட் போடுங்கள், டிம்மரோடு சேர்க்க வேண்டாம்.